வெளிநாட்டில் கார் ஓட்டுவது: பெர்மிட் இருந்தால் மட்டும் போதுமா?

தக்கலை_தம்பி

எல்லோருக்கும் வணக்கம். மனைவி ஜெர்மனியில் நர்ஸாக இருக்கிறாள். பள்ளி விடுமுறைக்கு நானும் மகளும் விசிட் விசாவில் போகிறோம். போகும் வழியில் துபாயில் அண்ணன் வீட்டில் சில நாள் தங்கல். இரண்டு இடத்திலும் கார் ஓட்டலாமா என்று யோசனை. அண்ணன் "என் வண்டியையே எடுத்துக்கோ" என்கிறான். மனைவி இருப்பது சின்ன ஊர், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸைப் பார்ப்பதே அபூர்வமாம். அதனால் அங்கே வாடகைக்கு எடுக்கலாம் என்று நினைக்கிறோம்.

ஓட்டுவது எனக்குப் புதிதல்ல. வேலைக்குத் தினமும் தக்கலையிலிருந்து நாகர்கோவில். அப்பா சொல்வது: "முகூர்த்த நாளில் மார்த்தாண்டத்தைத் தாண்டுகிறவன் உலகத்தில் எங்கேயும் ஓட்டுவான்." மச்சான் நேர் எதிர்: "அங்கே ஸ்டியரிங்கைத் தொடாதே, அபராதம் கட்டியே ஓட்டாண்டி ஆகிவிடுவாய்." இன்டர்நேஷனல் பெர்மிட் வாங்கினால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்கிறான் ஒரு கூட்டுக்காரன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். எதை வாங்க வேண்டும், எதில் மாட்டுவேன்?

மார்த்தாண்டம்_கிளச்சு

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். காகித வேலையை நான் சொல்லிவிடுகிறேன், ரோட்டு விஷயத்தை அங்கே இருப்பவர்கள் சொல்லட்டும்.

மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் சாரதி பக்கத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் முகவரி நாகர்கோவில் டிஎன் 74-க்குள் வருகிறதா, மார்த்தாண்டம் டிஎன் 75-க்குள் வருகிறதா என்று பார்த்து அந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ். பாஸ்போர்ட், லைசென்ஸ், போட்டோ. கட்டணம் 1000 ரூபாய். முன்பெல்லாம் விசாவும் டாக்டர் சர்டிபிகேட்டும் இல்லாமல் விண்ணப்பத்தைத் தொடமாட்டார்கள். போய் இறங்கிய பிறகு விசா தரும் நாடுகளுக்குப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? அதனால் 2021-இல் அந்த இரண்டு நிபந்தனையையும் மத்திய அரசு எடுத்துவிட்டது. ஆனாலும் விசா கையில் இருந்தால் நகல் கொண்டு போங்கள். கவுண்டரில் நின்று சட்டம் பேசுவதைவிட அது சுலபம்.

ஒரு வருடம்தான் செல்லும். நடுவில் லைசென்ஸ் காலாவதியானால் பெர்மிட்டும் அதோடு போச்சு. ஆகவே ஆறு மாதத்துக்கு முன்பே வாங்கி வைப்பதில் லாபமில்லை, டிக்கெட் போட்ட பிறகு வாங்குங்கள். தனியாகப் பெர்மிட்டை மட்டும் நீட்டினால் செல்லாது. அசல் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும். லைசென்ஸைப் பீரோவில் பத்திரமாகப் பூட்டிவிட்டு, பெர்மிட்டை மட்டும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறியவர்கள் நம்மிடம் படித்தவர்களிலேயே உண்டு.

அப்புறம், எல்லா நாட்டிலும் இது செல்லும் என்று நினைக்காதீர்கள். நம் பெர்மிட் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுப்பது. 1968-இல் வியன்னாவில் இன்னொரு சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம் வந்தது, அதில் இந்தியா சேரவில்லை. ஜப்பான் 1949 பெர்மிட்டைத்தான் கேட்கும், அங்கே நம்முடையது செல்லும். வியட்நாம் 1968 பெர்மிட்டைத்தான் ஏற்கும், அங்கே நம்முடையது வெறும் புத்தகம். சீனா எந்த இன்டர்நேஷனல் பெர்மிட்டையும் ஏற்பதில்லை. இலங்கையில் அப்படியே காட்டி ஓட்ட முடியாது. கொழும்பில் இருக்கும் ஆட்டோமொபைல் சங்கத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுடைய மோட்டார் போக்குவரத்துத் துறையில் தற்காலிக லைசென்ஸ் எடுக்க வேண்டும்.

ஜெர்மனிக்குப் பிரச்சினை இல்லை. லைசென்ஸோடு பெர்மிட் இருக்கலாம், அல்லது முறையான ஜெர்மன் மொழிபெயர்ப்பு இருக்கலாம். இரண்டில் ஒன்று போதும்.

குளச்சல்_துபாய்

தம்பி, துபாயில் ஓட்டாதீர்கள். சில நாள் தங்கலுக்கு டாக்ஸியும் மெட்ரோவும் போதும்.

சட்டப்படி தடை இல்லை. விசிட் விசாவில் வருகிற இந்தியர் பெர்மிட்டோடு ஓட்டலாம். ரெசிடென்ஸ் விசா அடித்துவிட்டால் அன்றைக்கே அது செல்லாது, இந்த ஊர் லைசென்ஸ் எடுத்தே ஆக வேண்டும். ஆனால் நீங்கள் சொல்வது அண்ணன் வண்டி. விசிட் விசாவில் வந்த தம்பி ஓட்டி இடித்தால் காசு வருமா என்று அண்ணனை முதலில் இன்சூரன்ஸ்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். சகோதர பாசம் எல்லாம் பாலிசியில் எழுதியிருக்காது.

இன்னொரு கூத்து கேளுங்கள். துபாயில் போர்டில் போட்டிருக்கும் வேகத்துக்கு மேல் 20 கிலோமீட்டர் வரை கேமரா கண்டுகொள்ளாது. 100 என்றால் 120 வரை ஓட்டுவார்கள், எல்லோருக்கும் தெரியும். அதே ரோட்டில் நேரே போய் அபுதாபி எல்லைக்குள் நுழைந்தால் அந்தச் சலுகை கிடையாது. 2018 ஆகஸ்டில் எடுத்துவிட்டார்கள். போர்டில் என்ன எண்ணோ அதுதான் எல்லை. ஒரே நாடு, ஒரே ரோடு, நடுவில் கோடுகூடக் கண்ணுக்குத் தெரியாது. துபாய்ப் பழக்கத்தில் அபுதாபிக்குப் போய் வந்தவர்களுக்கு மறுநாள் போனில் வரிசையாக மெசேஜ் வரும்.

சிவப்பில் தாண்டினால் 1000 திர்ஹம், 12 கரும்புள்ளி, வண்டி 30 நாள் உள்ளே. 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸைப் பிடுங்கிக்கொள்வார்கள். மது விஷயத்தில் "ஒரு பியர்தானே" என்ற பேச்சுக்கே இடமில்லை, அளவு பூஜ்யம்.

உங்கள் அப்பா சொன்னதற்கும் ஒரு வார்த்தை. ஊரில் லாரி ஓட்டிய ஆட்கள் இங்கே ரோடு டெஸ்டில் திரும்பத் திரும்பத் தோற்கிறார்கள். ஓட்டத் தெரியாமல் அல்ல. லேன் மாறும்போது கண்ணாடியைப் பார்த்து, தோளைத் திருப்பியும் பார்க்க வேண்டும். அதை எக்ஸாமினர் கண்ணால் காண வேண்டும். நம்மவர்கள் வண்டி நகர்த்துவது நுணுக்கமாக இருக்கும், தலை மட்டும் அசையாது. ஊர் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் வகுப்பு இல்லாமல் ஒரே ஒரு முறை நேரடியாக டெஸ்டுக்குப் போகலாம் என்று "கோல்டன் சான்ஸ்" ஒன்று கொடுக்கிறார்கள். அதில் தோற்றால் பழையபடி வகுப்புக்குத்தான் போக வேண்டும்.

நாஞ்சில்_பைபாஸ்

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். கோடு போட்ட ரோடு, சிக்னலை மதிக்கிற ஜனம், குறுக்கே மாடு இல்லை, எதிரில் நெஞ்சுக்கு நேராக அரசு பஸ் வராது. இதில் ஓட்ட என்ன திறமை வேண்டும்? நம் ஊர்தான் கஷ்டம். வேப்பமூட்டில் மாலை ஆறு மணிக்கு ஒரு ஜெர்மன்காரனை ஓட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்.

தம்பி, அப்பா சொன்னதைக் கேளுங்கள். பெர்மிட்டை வாங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

பூதப்பாண்டி_அக்கா

ஜெர்மனியில் இருக்கிறேன், இங்கே லைசென்ஸ் எடுத்து ஓட்டுகிறேன். பைபாஸ் தம்பி சொல்வதில் பாதி சரி. கை, கால் சாமர்த்தியத்தில் நம்மவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. இங்கே மாட்டிக்கொள்வது அதில் இல்லை.

நம் ஊரில் முக்கில் யார் முதலில் போவது என்பதை அந்த நிமிஷத்தில் கண்ணாலும் ஹார்னாலும் பேசித் தீர்த்துக்கொள்கிறோம். மூக்கை முதலில் நுழைத்தவனுக்கு வழி. இங்கே அந்தப் பேச்சை முன்பே முடித்துச் சட்டத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். எதிராளி உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டான். தனக்கு உரிமை இருப்பது தெரிந்து வேகம் குறைக்காமல் வருவான், நீங்கள் நிற்பீர்கள் என்று நம்பி. நீங்கள் "அவன் குறைப்பான்" என்று நினைப்பீர்கள். இரண்டு பேரும் நல்ல டிரைவர்கள், வண்டி மட்டும் சப்பளிந்துவிடும்.

முக்கியமாக ஒன்று: போர்டோ சிக்னலோ இல்லாத முக்கில் வலது பக்கத்திலிருந்து வருகிறவருக்குத்தான் முதல் வழி. நீங்கள் அகலமான தெருவில் நேரே போகிறீர்கள், வலது பக்கச் சின்னத் தெருவிலிருந்து ஒரு பாட்டி பழைய காரில் மெதுவாக வருகிறார் என்று வையுங்கள். நிற்க வேண்டியது நீங்கள்தான். நம் மனசு இதை ஒப்புக்கொள்ளவே ஒப்புக்கொள்ளாது. "மெயின் ரோட்டில் வருகிறவன் நான், குறுக்குச் சந்திலிருந்து வருகிறவள் அவள்" என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். குடியிருப்புப் பகுதிகளில், 30 கிலோமீட்டர் வேக எல்லைக்குள், பெரும்பாலும் இதுதான் விதி. வெள்ளை விளிம்போடு மஞ்சள் வைர வடிவப் பலகை இருந்தால் நீங்கள் முன்னுரிமை ரோட்டில் இருக்கிறீர்கள். அந்தப் பலகையைக் கறுப்புக் கோட்டால் அடித்திருந்தால் அந்த உரிமை முடிந்தது. வீட்டு வாசலிலிருந்தோ மண் பாதையிலிருந்தோ வெளியே வருகிற வண்டிக்கு இந்தச் சலுகை இல்லை, அது நிற்க வேண்டும்.

அடுத்தது சைக்கிள். வலது பக்கம் திரும்பும்போது உங்கள் வலப்புறத்தில் நேரே போகிற சைக்கிளுக்கு வழிவிட வேண்டும். சைக்கிள்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், சட்டம் அவர் பக்கம். முந்தும்போது ஊருக்குள் ஒன்றரை மீட்டர் இடைவெளி, ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர். அவ்வளவு இடம் இல்லையா, பின்னாலேயே போக வேண்டியதுதான். ஹார்ன் அடித்து ஒதுக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

ஆட்டோபான், அதாவது இங்கத்திய அதிவேக நெடுஞ்சாலை பற்றி எல்லோரும் "வேக எல்லையே இல்லையாம்" என்று கண் விரித்துக் கேட்பார்கள். பல பகுதிகளில் எல்லை உண்டு, பலகை பார்த்து ஓட்ட வேண்டும். எல்லை இல்லாத இடத்தில் 130 என்பது பரிந்துரை. உங்களுக்கு முக்கியம் அதுவல்ல. வலது லேனில் போங்கள், முந்துவதற்கு மட்டும் இடது பக்கம் வாருங்கள், முந்தியதும் திரும்ப வலதுக்கு. வலது பக்கமாக யாரையும் முந்தக் கூடாது. நீங்கள் இடது லேனில் 120-இல் சொகுசாகப் போய்க்கொண்டிருக்கும்போது, கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்த கார் இமைப்பதற்குள் பின்னால் நிற்கும். பெட்ரோல் தீர்ந்து வழியில் நின்றால் அதுவும் குற்றம்தான். தேவையில்லாமல் ஆட்டோபானில் நிற்கவே கூடாது, பெட்ரோலைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்பார்கள்.

நெரிசலில் வண்டிகள் ஊர்ந்தாலே ஆம்புலன்ஸுக்கு வழி பிரித்து வைக்க வேண்டும். சைரன் கேட்ட பிறகு அல்ல, அதற்கு முன்பே. இடது ஓர லேனில் இருப்பவர்கள் இடது பக்கம் ஒதுங்க வேண்டும், மற்ற எல்லோரும் வலது பக்கம். நடுவில் ஒரு பாதை திறந்துகொள்ளும். செய்யாவிட்டால் அபராதம் 200 யூரோவில் தொடங்கும். எனக்கு இந்த நாட்டில் மிகவும் பிடித்த விதி இதுதான். ஒழுகினசேரி பாலத்தில் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

நீங்கள் வருவது விடுமுறைக்கு, பெர்மிட் போதும். உங்கள் மனைவிக்குச் சொல்லுங்கள்: இங்கே குடியிருக்க வந்தவர்களுக்கு இந்திய லைசென்ஸ் ஆறு மாதம்தான். அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வு, ரோடு தேர்வு இரண்டும் எழுத வேண்டும், நேரடி மாற்றம் கிடையாது. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். அரபி, துருக்கி எல்லாம் இருக்கிறது, இந்திய மொழி ஒன்றும் இல்லை. மொத்தத்தில் ஆயிரக்கணக்கான யூரோ பழுத்துவிடும்.

தக்கலை_தம்பி

அக்கா, கோடி நன்றி. வலது பக்கத்துப் பாட்டியை மறக்க மாட்டேன்.

துபாயில் ஓட்டப் போவதில்லை, அண்ணனிடம் சொல்லிவிட்டேன். கொஞ்சம் கோபம்தான்.

ஸ்டியரிங் இடது பக்கம் இருப்பது பழகுமா? அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

குளச்சல்_துபாய்

அது பழகும். நேர் ரோட்டில் போகும்போது ஒன்றும் தெரியாது, முன்னால் போகிற வண்டியைப் பின்தொடர்வீர்கள். ஆபத்து எப்போது என்றால், ரோட்டில் வேறு வண்டியே இல்லாதபோது. விடிகாலையில் பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, ஒருவழித் தெரு முடிந்து இருவழித் தெருவில் சேரும்போது, ரவுண்டானாவில் நுழையும்போது. கை தானாகப் பழைய பக்கம் இழுக்கும். கூட உட்கார்ந்திருப்பவரிடம் "ஒவ்வொரு திருப்பத்திலும் 'வலது' என்று சொல்லு" என்று சொல்லி வையுங்கள்.

மழையில்லாத நாளில் வைப்பர் ஆடினால் வெட்கப்பட வேண்டாம். நம் ஊரில் மாருதி, ஹூண்டாய் ஓட்டியவர்களுக்கு இண்டிகேட்டர் வலது கையில். அங்கே அது இடது கையில். வைப்பர் ஓடுகிற காரைப் பார்த்தால் உள்ளே நம்ம ஆள் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆட்டோமேட்டிக் வண்டியாகக் கேட்டு வாங்குங்கள். காசு கூட ஆனாலும் பரவாயில்லை. இடது கையால் கியர் போட்டுப் பழகியவர் வலது கையால் கதவுக் கைப்பிடியைத் தேடாமல்... மன்னிக்கவும், இடது கையால். இடம் மாறினால் எனக்கே குழம்புகிறது.

கருங்கல்_லீட்ஸ்

இங்கிலாந்தில் ஸ்டியரிங் பிரச்சினை இல்லை, நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுவார்கள். அதனாலேயே நம்மவர்கள் அசட்டையாக இருக்கிறார்கள். இந்திய லைசென்ஸில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம், பிறகு இங்கே டெஸ்ட்.

இங்கே நம்மைக் குழப்புவது ஹெட்லைட். ஊரில் ஒடுங்கின பாலத்தில் எதிரே வருகிறவன் லைட் அடித்தால் "நான் வாரேன், நீ நில்லு" என்று அர்த்தம். இங்கே அதே லைட் அடித்தால் பெரும்பாலும் "நீங்கள் போங்கள், நான் நிற்கிறேன்" என்று அர்த்தம். புதிதாக வந்த நம்ம ஆள் ஒருவரும் எதிரே வந்த பெண்மணியும் குடியிருப்புத் தெருவில் மாறி மாறி லைட் அடித்துக்கொண்டு, இரண்டு பேரும் நகராமல் நின்றதைப் பக்கத்து சீட்டில் இருந்து பார்த்திருக்கிறேன். அவருக்குக் கோபம், "இவ்வளவு அடித்தும் விடமாட்டேன் என்கிறாளே, ஏன் விரட்டுகிறாள்" என்று. ஆனால் விதிப் புத்தகத்தில் இரண்டு அர்த்தமுமே கிடையாது. நான் இங்கே இருக்கிறேன் என்று காட்ட மட்டுமே லைட் அடிக்கலாம், வேறு செய்தி சொல்லக் கூடாது என்றுதான் இருக்கிறது. அதனால் எதிரே லைட் அடித்தாலும் நீங்களே பார்த்து உறுதி செய்துகொண்டு நகருங்கள். இடித்தால் "அவர் லைட் அடித்தார்" என்று சொல்லித் தப்ப முடியாது.

ஹார்னும் அப்படித்தான். குடியிருப்புப் பகுதியில் இரவு 11.30 முதல் காலை 7 வரை அடிக்கவே கூடாது. பகலில் அடித்தால் சட்டம் விடும், மனிதர்கள் விடமாட்டார்கள், திட்டியதாக எடுத்துக்கொள்வார்கள்.

பலகையில் 30 என்றால் அது மைல். கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 48. வேல்ஸுக்குள் போனால் குடியிருப்புப் பகுதியில் பொதுவாக 20 மைல், 2023 செப்டம்பரிலிருந்து.

திங்கள்நகர்_டல்லாஸ்

அமெரிக்காவில் பெர்மிட் வேண்டுமா வேண்டாமா என்பதே மாநிலத்துக்கு மாநிலம் மாறும். போகிற மாநிலத்தின் விதியைப் பாருங்கள்.

நம்மவர்களுக்குப் புதிதாக இருப்பது நான்கு பக்கமும் ஸ்டாப் பலகை இருக்கும் முக்கு. போலீஸும் இல்லை, சிக்னலும் இல்லை. முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். ஒரே நேரத்தில் வந்தால் வலது பக்கம் இருப்பவருக்கு வழி. சக்கரம் முழுசாக நிற்க வேண்டும், ஊர்ந்துகொண்டே போவது நிற்பது ஆகாது. சிவப்பு சிக்னலிலும் முழுசாக நின்று பார்த்துவிட்டு வலது பக்கம் திரும்பலாம், கூடாது என்று பலகை இல்லாவிட்டால். நியூயார்க் நகரத்தில் அது தலைகீழ்: திரும்பலாம் என்று பலகை இருந்தால்தான் திரும்பலாம்.

மஞ்சள் பள்ளிப் பஸ் சிவப்பு விளக்கைச் சிமிட்டி நின்றால், நடுத்தடுப்பு இல்லாத ரோட்டில் இரண்டு திசை வண்டியும் நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம்தானே என்று போய்விடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் போலீஸ் நிறுத்தினால் என்ன செய்வது. ஊரில் என்ன செய்வோம்? வண்டியை ஓரம்கட்டி, இறங்கி, ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜீப் பக்கம் நடந்து போய் "சார்" என்று நிற்போம். அது மரியாதை. இங்கே அதுவே அவருக்கு மிரட்டலாகத் தெரியும். வலது ஓரம் நிறுத்துங்கள், உள்ளேயே இருங்கள், கண்ணாடியை இறக்குங்கள், இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் தெரியும்படி வையுங்கள். டேஷ்போர்டைத் திறக்கும் முன் "லைசென்ஸ் அதற்குள் இருக்கிறது, எடுக்கலாமா" என்று கேட்டுவிட்டு எடுங்கள். ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வருகிற அப்பாக்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நாஞ்சில்_பைபாஸ்

சரி, விதி தெரிய வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மணி நேரம் யூடியூப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்காக "ஓட்டாதே" என்பது அநியாயம். நம் அரசு பஸ் டிரைவர்கள் களியக்காவிளை ரோட்டில் காட்டுகிற வித்தையை எந்த நாட்டுக்காரன்...

பூதப்பாண்டி_அக்கா

பைபாஸ், தெரிந்துகொள்ள ஒரு மணி நேரம் போதும்தான். ஆனால் முக்கில் யோசிக்க நேரம் கிடைக்காது, பழகினது எதுவோ கால் அதைத்தான் செய்யும். களியக்காவிளை ரோட்டில் நன்றாக ஓட்டுகிறவருக்குத்தான் இங்கே கூடுதல் கஷ்டம். அவருக்கு மறக்க வேண்டியது அதிகம்.

நெறியாளர்

அரசு பஸ் பற்றி ஏற்கெனவே தனி இழை இருக்கிறது. அங்கே போய்ச் சண்டை போடுங்கள்.

முட்டம்_புல்லட்

பைக் பற்றி யாரும் சொல்லவில்லை. தாய்லாந்துக்குப் போகிற நம்ம பையன்கள் எல்லோரும் அங்கே ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கிறார்கள். கடைக்காரர் பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவார், லைசென்ஸ் கேட்கவே மாட்டார். அது அவர் தாராளம் இல்லை, விழுந்தால் செலவு உங்களுடையது. லைசென்ஸிலும் பெர்மிட்டிலும் கியர் பைக் ஓட்டும் அனுமதி இல்லாமல் ஓட்டி விழுந்தால் பயணக் காப்பீடு காசு தராது. கார் லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவர்கள் இங்கேயே அதைச் சேர்த்துவிட்டுப் போங்கள். ஹெல்மெட்டும் போடுங்கள், தக்கலை தாண்டினால் கழற்றி டாங்க் மேல் வைப்பது போல அங்கே செய்யாதீர்கள்.

வடசேரி_ரியாத்

நான் பதினைந்து வருடம் முன்பு சவூதிக்கு வந்த நர்ஸ். 2018 ஜூன் 24 வரை இங்கே பெண்கள் ஓட்ட முடியாது. அனுமதி வந்த பிறகு இங்கேதான் கற்றுக்கொண்டேன், அதனால் எனக்கு முதல் பழக்கமே வலது பக்கம். என் கஷ்டம் உங்களுக்கெல்லாம் நேர் எதிர். லீவுக்கு ஊருக்கு வந்தால்தான் எனக்கு வெளிநாடு. திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து என்னை ஓட்டச் சொன்னால் நெஞ்சு படபடக்கும். நெய்யாற்றின்கரை தாண்டும்வரை அத்தான்தான் ஓட்ட வேண்டும். எதிரே வருகிறவர் என் லேனிலேயே வந்து கடைசி நொடியில் விலகுவதைப் பார்த்துவிட்டு இவர் சாதாரணமாகப் பேசிக்கொண்டே ஓட்டுவார். இதற்கும் ஒரு படிப்பு வேண்டும், யாரும் எழுதி வைக்கவில்லை.

தக்கலைத் தம்பிக்கு ஒன்று: இரவு விமானத்தில் போய் இறங்கியதும் சாவியை வாங்காதீர்கள். தூங்கி எழுந்து, பகலில், மனைவி பக்கத்தில் இருக்க, ஆளில்லாத தெருவில் தொடங்குங்கள்.

கருங்கல்_லீட்ஸ்

வாடகை வண்டி பற்றி விட்டுப்போனது. கவுண்டரில் கிரெடிட் கார்டு கேட்பார்கள், ஓட்டுகிறவர் பெயரிலேயே இருக்க வேண்டும். பல இடங்களில் டெபிட் கார்டை ஏற்க மாட்டார்கள். மனைவி கார்டு, கணவன் லைசென்ஸ் என்று போய் நின்றால் வண்டி கிடைக்காமல் திரும்புவீர்கள். ஓட்டுகிற எல்லோர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். எங்கள் உறவினர் ஒருவரிடம் பழைய கீறலுக்கு 300 யூரோ கேட்டார்கள், வீடியோவைக் காட்டிய பிறகுதான் பேச்சு நின்றது.

அபராதம் ஊருக்குப் போனால் தொடராது என்பார்கள். தொடரும். கேமரா படம் வாடகைக் கம்பெனிக்குப் போகும், அவர்கள் உங்கள் விவரத்தைக் கொடுத்துவிட்டு, அந்த வேலைக்குத் தனியாக ஒரு கட்டணத்தையும் கார்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் தக்கலையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மெசேஜ் வரும்.

ஜெர்மனியிலிருந்து பக்கத்து நாட்டுக்குப் போகும் யோசனை இருந்தால்: சுவிட்சர்லாந்து நெடுஞ்சாலைக்கு 40 பிராங்க் வருடக் கட்டணச் சீட்டு வாங்க வேண்டும், ஒரே ஒரு நாள் ஓட்டினாலும் அதேதான். ஆஸ்திரியாவில் குறுகிய காலச் சீட்டு கிடைக்கும். இத்தாலியில் பழைய நகரங்களின் நடுப்பகுதிக்குள் அனுமதி பெற்ற வண்டிதான் போகலாம். வாசலில் ஆள் இருக்க மாட்டார், கேமரா மட்டும். கூகுள் மேப் காட்டுகிறதே என்று உள்ளே போய், வழி தவறி இரண்டு முறை நுழைந்தால் இரண்டு அபராதம். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். நாடு தாண்டுவதற்கு வாடகைக் கம்பெனியின் அனுமதியும் வேண்டும்.

தக்கலை_தம்பி

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. பெர்மிட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன். ஆட்டோமேட்டிக், என் பெயரில் கார்டு, முதல் நாள் ஓட்டம் இல்லை. இத்தாலி இந்த முறை வேண்டாம். அப்பாவிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். "வலது பக்கத்திலிருந்து வருகிறவளுக்கு நான் ஏன் நிற்க வேண்டும்" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக ஒரு கேள்வி. மகளுக்கு ஏழு வயது. இங்கே முன் சீட்டில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். அங்கே குழந்தை சீட் கட்டாயமா? பெரிய பிள்ளைதானே?

பூதப்பாண்டி_அக்கா

கட்டாயம். ஜெர்மனியில் 12 வயது ஆகும்வரை, அல்லது 150 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தை சீட் வேண்டும். ஏழு வயதுக்கு முதுகு வைத்த பூஸ்டர் சீட் சரியாக இருக்கும். வாடகைக் கம்பெனியில் நாள் கணக்கில் காசு வாங்குவார்கள், ஒரு வாரத்துக்கு மேல் என்றால் கடையில் வாங்குவதே லாபம். மனைவியிடம் உடன் வேலை செய்பவர்களைக் கேட்கச் சொல்லுங்கள்; பிள்ளைகள் வளர்ந்த வீடுகளில் சும்மா கிடக்கும். ஆனால் விபத்தில் சிக்கிய வண்டியில் இருந்த சீட்டை மட்டும் வாங்க வேண்டாம்.

குளச்சல்_துபாய்

இங்கே அண்ணன் வண்டியில் ஏறும்போதும் பின் சீட்டுதான். பத்து வயது ஆகாத பிள்ளையை முன்னால் உட்கார வைக்கக் கூடாது. அண்ணனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், சித்தப்பா பெரியப்பா செல்லத்தில் முன்னால் ஏற்றிவிடுவார்கள்.

மார்த்தாண்டம்_கிளச்சு

தம்பி, விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரும் லைசென்ஸில் இருக்கிற பெயரும் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னாலும் ஒன்றில் விரித்தும் இருந்தால் வாடகைக் கவுண்டரில் கேள்வி வரும். மாற்ற வேண்டும் என்றால் லைசென்ஸில் முதலில் மாற்றுங்கள், பெர்மிட் அதைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். திங்கள்கிழமை ஆபீஸில் கூட்டம் இருக்கும், செவ்வாய் போங்கள்.